நேராக்கப்பட்ட பதினொரு பாட்டுகள்

மச்சான்,

இன்று காலை எங்கள் ஒழுங்கைக்குள் ஒருவர் தன் ஓட்டோவின் மட்காட்டுக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். தின்னர் மணம் மூன்றாம் மாடி வரைக்கும் ஏறி வந்தது. பக்கத்து வீட்டார் ஜன்னல்களைச் சாத்தினார்கள். நான் மட்டும் என்னுடையதைத் திறந்து வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற எண்ணமே இல்லாமல் நின்றேன். வெள்ளவத்தை முழுக்கத் தேடினாலும் இந்த மணத்துக்காக ஜன்னலைத் திறக்கிற ஆள் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

உன் பேஸ் கிட்டாருக்கு நிறம் அடித்த அன்றும் இதே மணம்தான். கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் வான்களுக்கும் ஓட்டோக்களுக்கும் பெயின்ட் அடிக்கிற அந்தக் கராஜுக்கு, கம்பிகளைக் கழற்றிய வெறும் மரக்கட்டையைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு போனோம். நான் இணையத்தில் தேடி, நடுவில் தேன் நிறமாகத் தொடங்கி ஓரத்தில் கருமையாக இறங்குகிற பழைய மாடல்களின் படங்களை அச்செடுத்து வந்திருந்தேன். நீ அவற்றை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. துறைமுகத்தில் நாள் முழுக்கக் கன்டெய்னர் நம்பர் பார்த்துக் குறிக்கிறவனுக்கு, கிட்டாரும் கன்டெய்னரின் அந்த மங்கிய செங்கபில நிறத்தில்தான் வேண்டுமாம். "நீ கொண்டுவந்ததெல்லாம் கடையில தொங்குது மச்சான். இது எந்தக் கடையிலயும் இல்ல," என்றாய். பெயின்டர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த வாகனத்தின் பாகம் என்று சிங்களத்தில் கேட்டார். நீ சிரிக்காமல், கப்பலுடையது என்றாய். அவர் தலையாட்டிவிட்டு பெயின்டைக் கலக்கத் தொடங்கினார்.

மழைக்காலம், பெயின்ட் காய நாளெடுக்கும், பத்து நாளைக்குக் கை வைக்க வேண்டாம் என்று அவர் சொல்லித்தான் தந்தார். நாலாம் நாள் கொச்சிக்கடையில் ஒரு கலியாண வீட்டுக்கு நீ கம்பி பூட்டிக்கொண்டு போய்விட்டாய். நான் வந்து சேரும்போது வாசித்து முடித்திருந்தாய், கழற்றும்போது கிட்டார் உன் சேர்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கம் முழுக்கத் துணியின் நெசவு அச்சாகப் பதிந்திருந்தது, ஒரு பொத்தான் உட்பட. உரஞ்சிவிட்டு மறுபடி அடிப்போம் என்று கெஞ்சினேன். "இருக்கட்டும் மச்சான். ஆற்றயோ சேர்ட் இல்லையே, என்ட சேர்ட்தானே," என்று சொல்லிவிட்டு நீ சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டாய்.

நான் அப்படி ஆளில்லை. அது உனக்குத் தெரியும். கட்டடங்களுக்கு வரைபடம் கீறிப் பிழைக்கிறவன் நான். ஒரு கோடு மயிரிழை விலகி நின்றாலும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஏழு வருடம் ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் நீ மட்டக்குளி பஸ்ஸில் ஏறி, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாய். என் படுக்கையறைதான் ஸ்டூடியோ. மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தால் எதிரொலி குறையும் என்று நானே கண்டுபிடித்தது போல உனக்கு விளங்கப்படுத்தினேன். கிட்டாரிலிருந்து ஒரு வயர் சின்ன ஒலிப்பதிவுப் பெட்டிக்கு, அதிலிருந்து இன்னொன்று கணினிக்கு. ட்ரம்ஸை மென்பொருளே வாசிக்கும். கீபோர்ட் நான். கடற்கரை ரயில் போகும்போது கட்டடமே நடுங்கும், அதனால் ரயிலுக்கும் ரயிலுக்கும் இடையில்தான் எங்கள் வேலை. தெஹிவளைப் பக்கமிருந்து ஹோர்ன் கேட்டதும் நீ கம்பியில் உள்ளங்கையை வைத்து அமர்த்திவிட்டு, ரயில் முழுக்கப் போய் முடியும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாய்.

உன் வாசிப்பில் ஒரு பழக்கம் இருந்தது. ட்ரம் அடி விழுந்த பிறகு, ஒரு துளி பொறுத்துத்தான் நீ கம்பியைத் தொடுவாய். தாளம் தப்பியது என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற அளவு தாமதம்தான். மேடையில் உன்னோடு வாசித்தவர்கள் அதற்காகவே உன்னைத் தேடி வந்தார்கள். நான் மேடையில் நின்றவன் இல்லை. எனக்கு உன் வாசிப்பு கணினித் திரையில்தான் அறிமுகம். அங்கே ஒவ்வொரு அடிக்கும் ஒரு நெடுங்கோடு உண்டு. ட்ரம் சரியாகக் கோட்டில் நிற்கும். என் கீபோர்டும் கிட்டத்தட்டக் கோட்டில் நிற்கும். உன் ஒலி அலைகள் எல்லாம் கோட்டுக்கு வலப்பக்கமாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில், பஸ் தரிப்பில் நிற்கிற சனத்தைப் போல நிற்கும்.

"பிந்துறாய்டா," என்பேன்.

"நீ பாத்துக்கொண்டு கேக்கிறாய் மச்சான். ஸ்கிரீனை நிப்பாட்டிப்போட்டுக் கேள்," என்பாய்.

நான் ஒரு நாளும் நிப்பாட்டவில்லை. நீ பஸ் ஏறிப் போன பிறகு உட்கார்ந்து, உன் சுரங்களை ஒவ்வொன்றாக வெட்டி, இடப்பக்கம் இழுத்து, கோட்டில் வைத்தேன். பிறகு இதையெல்லாம் மென்பொருளே ஒரே அமுக்கில் செய்துவிடும் என்று தெரியவந்தது. எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வீட்டைக் கூட்டித் துடைத்த மாதிரி இருந்தது. முதலாவது பாட்டை உனக்குப் போட்டுக் காட்டினேன். நீ முடியும் வரைக்கும் கேட்டாய். "நல்லா இருக்கு. ஆர் வாசிச்சது?" என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு பத்துப் பாட்டுக்கு நீ அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. ஒரு தரமாவது என்னோடு சண்டை பிடித்திருக்கலாம் நீ. சண்டை பிடித்தாலும் நான் திருத்தியிருப்பேன் என்பது வேறு கதை.

போன மழைக்காலத்தில் துறைமுக யார்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடி வந்து சேர்ந்தபோது உன் மனைவி மெர்லின் வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். உன் சப்பாத்துகள் அவள் மடியில் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டிய முறைப்படி நடந்தது.

உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மெர்லின் எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணா, பூசை முடிஞ்சு ஆக்கள் வீட்டுக்கு வருவாங்க. அவர் வாசிச்சதைப் போடலாம் எண்டு நினைக்கிறன். பாட்டு வேணாம். அவர்ட பேஸ் மட்டும் தனியா எடுத்துத் தர ஏலுமா?"

"அது ஒரு பெரிய வேலையே? எடுத்துத் தாறன்," என்றேன்.

"அவர்ட குரல் போனில நிறைய இருக்கு. இது மட்டும்தான் இல்ல," என்றாள்.

அவள் சொன்னது சரி. கலியாண வீடுகளில் எடுத்த வீடியோக்களை நானும் போட்டுப் பார்த்தேன். போனுக்குள் தாழ்ந்த சுரங்கள் ஏறுவதில்லை. சனத்தின் சத்தமும் பாட்டுக்காரரின் குரலும் கேட்கின்றன. நீ விரலை அசைத்துக்கொண்டு நிற்கிறாய், கிட்டாரிலிருந்து ஒன்றும் வரவில்லை. உன் வாசிப்பு ஒழுங்காகப் பதிவான இடம் உலகத்தில் ஒன்றுதான், அது என் கணினி.

திறந்தேன். மற்ற எல்லாவற்றையும் மௌனமாக்கி உன் பேஸை மட்டும் ஓடவிட்டேன். பாட்டோடு கேட்கும்போது தெரியாதது தனியே கேட்டதும் தெரிந்துவிட்டது. டக், டக், டக் என்று சுவர்க் கடிகாரம் மாதிரி ஒன்று போனது. பரவாயில்லை, திருத்தாத பதிவுகளுக்குத் திரும்புவோம் என்று தேடினேன். அவை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. திருத்தி முடித்ததும் மென்பொருள் புதிய கோப்புகளை உண்டாக்கும், பழையவை பக்கத்தில் சும்மா கிடக்கும். நீ இருக்கும்போதே ஒரு நாள் கணினியில் இடம் போதவில்லை. பயன்படாத ஒலிப்பதிவுகளை நீக்கவா, நீக்கினால் திரும்ப எடுக்க முடியாது என்று அது கேட்டது. ஒரு கையில் தேநீரை வைத்துக்கொண்டு மற்றக் கையால் ஓம் என்று அமுக்கினேன். பதினொரு பாட்டு. ஏழு வருடச் சனிக்கிழமைகள். நீ அப்போது என் கட்டிலில் இருந்து மாலு பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன்.

புறக்கோட்டையில் அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவரிடம் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "அந்த இடத்தில வேற எழுதியாச்சு அண்ணே, எனக்கு ஒண்ணும் செய்ய ஏலாது," என்று திருப்பித் தந்தார். அந்த இடத்தில் எழுதப்பட்டது என்ன என்று யோசித்தேன். அநேகமாக ஏதாவது ஒரு கட்டடத்தின் கழிவறை வரைபடமாக இருக்கும்.

சரி, நான்தானே நேராக்கினேன், நானே திரும்பப் பிந்த வைப்பேன் என்று இறங்கினேன். மென்பொருளில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. மனிதர் வாசித்தது போலத் தோன்ற, சுரங்களைத் தன் இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் தள்ளிவிடும். தள்ளியது. குடித்துவிட்டு வாசித்தவன் போல இருந்தது. நீ குடித்தாலும் அப்படி வாசித்தவனில்லை. அதை அழித்துவிட்டுக் கையால் தொடங்கினேன். ஒரு சுரத்தைப் பிடித்து வலப்பக்கம் நகர்த்துவேன், கேட்பேன், இன்னும் கொஞ்சம் நகர்த்துவேன். மூன்று கிழமை இதே வேலை. எல்லாவற்றையும் ஒரே அளவு பிந்தவைத்தால் முழுப் பாட்டும் பிந்துகிறது, அவ்வளவுதான். நீ எங்கே அதிகம் பொறுத்தாய், எங்கே உடனே விழுந்தாய், பாட்டு திரும்புகிற இடத்தில் ட்ரம்மோடு சேர்ந்துகொண்டாயா இல்லையா? ஒன்றும் தெரியவில்லை. உனக்கு இரண்டு முழம் தள்ளி ஏழு வருடம் இருந்தவன் நான். காதால் உன்னைக் கேட்டதே இல்லை என்று அந்த மூன்று கிழமையில்தான் விளங்கியது. கதிரையில் இருந்தபடியே அழுதேன். அழுது என்ன, ஒரு சுரமும் அசையவில்லை.

பூசைக்கு முதல் நாள் பின்னேரம், வேறு வழியில்லாமல் நேரான பதிவையே எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் பஸ்ஸில் வரும்போது தீர்மானம். வசனங்களைக்கூட ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். மெர்லின் இரவல் வாங்கிய கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரைக் கண்டதும் கையைத் துடைத்துவிட்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு ஆவல். "முதல் போடுங்க, பிறகு தேத்தண்ணி," என்றாள். போட்டேன்.

அவளுடைய விரல் மேசை விளிம்பில் தட்டத் தொடங்கியது. நீ வீட்டில் பழகும்போது அவள் குசினியில் எதையாவது தட்டிக்கொண்டிருப்பாள் என்று நீ சொல்லியிருக்கிறாய், நான் பார்த்தது அன்றைக்குத்தான். நாலைந்து தட்டில் விரல் குழம்பியது. நிறுத்தி, மறுபடி தட்டிப் பார்த்தாள். மறுபடி குழம்பியது.

"ஏன் அண்ணா அவர் இப்பிடி அவசரப்படுறார்?" என்றாள். "நான் தட்டினாப் பிறகு கொஞ்சம் நிண்டுதானே வருவார். எனக்கு அந்த இடம்தான் விருப்பம். இது அவர்தானே?"

இதுதான் நேரம். வசனங்கள் எல்லாம் வாய்க்குள் இருந்தன.

"ஓம்," என்றேன். "அவர்தான்."

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. விரல் உன்னுடையது, கம்பி உன்னுடையது, ஒவ்வொரு சுரமும் நீ வாசித்ததுதான். அவள் ஸ்பீக்கரைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு வெட்கப்பட்டவள் போலச் சிரித்தாள்.

"அப்ப நான்தான் மறந்துபோனன் போல. ஒரு வருசத்திலயே, பாருங்க. திரும்பப் போடுங்க அண்ணா. பழகிக்கொள்றன்."

திரும்பப் போட்டேன். அவள் கேட்டபடியே நாலு தரம் போட்டேன். நாலாம் தரம் விரல் குழம்பவில்லை.

அடுத்த நாள் ஆட்கள் வந்தார்கள், கேட்டார்கள், உன்னை நினைத்து அழுதார்கள். உன்னோடு மேடையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஆண்டுப் பூசை வீட்டில் யார் வாய் திறப்பார்கள்? இதை மெர்லினிடம் சொல்லலாம் என்று மூன்று தரம் போனைக் கையில் எடுத்தேன். சொன்னால் அவளிடம் இருக்கிற இந்தக் கொஞ்சமும் போய்விடும், பதிலாகக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் செய்ததுதான் எதிரில் நிற்கிறது. அதனால்தான் திட்டவும் ஏலாத உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே போன் எடுத்தாள். பதிவைத் தன் போனில் ஏற்றி, சின்ன ஸ்பீக்கரில் மாட்டி, சமைக்கும்போது ஒவ்வொரு நாளும் போடுகிறாளாம். குரலில் ஒரு தெளிவு இருந்தது.

"இப்ப சரியா ஞாபகம் வந்திட்டு அண்ணா. அவர் இப்பிடித்தான் வாசிச்சவர். நான்தான் சும்மா வேற என்னவோ நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்."

"நல்லது மெர்லின்," என்றேன்.

நீ எப்படிப் பிந்தினாய் என்று தெரிந்திருந்த காது அவளுடையது. அதையும் நேராக்கிவிட்டேன் மச்சான். நீ பிந்தினாய் என்ற சொல் மட்டும் இனி என்னிடம் இருக்கும். எவ்வளவு என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.