ஏறையில ஒரு நெர, எறங்கையில ஒரு நெர

இன்று காலை அந்தச் சின்னக் கட்டம் மறுபடியும் திரையில் வந்து நின்றது. கோப்புகளை உள்ளே எடுக்கும்போதெல்லாம் மென்பொருள் கேட்கிற அதே கேள்வி: வரிகள் மாறி மாறித் திரும்புமா? இத்தனை மாதம் கழித்தும் அதை இரண்டு தடவை வாசிக்கிறேன்டா.

அன்று அளந்தது, உன் லயத்துக்கு, அந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே இருந்த சரிவில் குழாய் இறக்கி எடுத்த மண்ணை. லயச் சுவரில் வெடிப்பு விட்டதும் நீதான் நாலு பேரிடம் நடையாய் நடந்து அதை நம் ஆய்வுகூடத்துக்கு வரவைத்தாய். ஹல்துமுல்லையில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாம்; ஆய்வுகூடத்தில் நீ உதவியாள், நான் ஆய்வாளன். வழுக்கும் களிமண் ஒரே படையாக ஓடுகிறதா, அங்கங்கே திட்டாகக் கிடக்கிறதா? ஒரே படை என்றால் சனத்தை லயத்தைவிட்டு இறக்க வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

வெட்டிய மண்துண்டின் மேல் புள்ளி புள்ளியாக எக்ஸ்ரே விழும். கதிர் சிதறுகிற விதத்தை வைத்து அந்தந்தப் புள்ளியில் என்ன கனிமம் என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு நாள் நீ எந்திரத்தின் பக்கத்திலேயே கிடந்தாய். ஒரு வரியை அது இடமிருந்து வலம் அளக்கும். நேரத்தை மிச்சம் பிடிக்க அடுத்த வரியை வலமிருந்து இடமாக அளந்து திரும்பும். "நம்ம அம்மா கொழுந்து எடுக்கிற மாதிரிடா. ஏறையில ஒரு நெர, எறங்கையில அடுத்த நெர" என்று தேயிலை வரிசைகளைச் சொல்லிச் சிரித்தாய்.

கோப்புகளை உள்ளே எடுத்தது நான். கட்டத்தில் டிக் போடவில்லை. மென்பொருள் எல்லா வரியையும் இடமிருந்தே அடுக்க, சாய்வாக ஓடிய படை சிதறித் திட்டுத் திட்டாக வந்தது. நீ எட்டிப் பார்த்து, "நெர மாறிக் கெடக்கு போலயே, இன்னொருக்கா பாரேன்" என்றாய். ஆய்வுகூடத் தலைவர் பக்கத்தில் நின்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சாஃப்ட்வேருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சோ? போய்க் குழாயைக் கழுவு."

"சரிங்க சார்."

உன்மேலும் எனக்குக் கோபம்தான். பிடரியில் ஒன்று போட்டாவது சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கெதுக்குடா அந்த மரியாதை? 'தொடர்ச்சியான படை இல்லை' என்று எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டார். சனம் லயத்திலேயே இருந்தது. ஐப்பசி மழையில் சரிவு இறங்கியபோது அம்மாவைப் பெரட்டுக்களத்து வெட்டவெளியில் விட்டுவிட்டு, பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பெரியவரைத் தூக்கி வரத் திரும்பிப் போனாயாம்.

உன் கருமாதி முடிந்த மறுநாள் டிக் போட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை சாய்வாக ஒரே கோடு, கத்தியால் கீறியதுபோல. தலைவரிடம் காட்டினேன். "இனி அதைக் கிளறி என்ன ஆகப்போகுது? மூடி வை" என்றார். நானும் மூடித்தான் வைத்தேன், கோழை.

போன வாரம், சரிவில் வீடிழந்தவர்கள் இருக்கும் முகாமுக்குப் போனேன். உன் அம்மா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, ஒங்க மெசின்ல ஒன்னுமே தெரியலையா?"

"தெரியலைங்கம்மா."

"நீங்க பாத்தும் தெரியலைன்னா, யாரு என்ன செய்றது" என்று என் தலையைத் தடவினார். "நீங்க மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

இப்போதெல்லாம் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, போய் வந்து பார்த்துத்தான் கோப்பை உள்ளே எடுக்கிறேன். எல்லாம் சரியாகத்தான் வருகிறது. உன் அம்மா கொடுத்த ஆறுதலைத்தான் எங்கே கொண்டுபோய் இறக்குவதென்று தெரியவில்லை.