அசையாத விரல்

இன்று காலை அலுவலகத்தில் என் மேசையில் அந்தப் பழைய டெஸ்ட் போனைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் உன் கையில் இருந்த அதே போன். உறையில் இன்னும் உன் தைல வாசனை.

உன் போன் உடைந்தபோது அதைக் கொடுத்தவன் நான்தான். டச் ஸ்கிரீனைத் தூங்க வைப்பதுதான் என் வேலை என்று கல்யாணமான புதிதில் சொன்னேன். "கொள்ளாமே! பிள்ளைய உறங்க வைக்கது மாதிரியாக்கும்?" என்று சிரித்தாய். ஏறக்குறைய அப்படித்தான். ஸ்கிரீன் சும்மா விரலைத் தேடிக்கொண்டே இருந்தால் சார்ஜ் தீர்ந்துவிடும். அதனால் ஒரு விதி எழுதினேன்: ஐந்து நொடி அசையாமல் ஒரே இடத்தில் அழுத்தினால் அது ஆள் இல்லை, தலையணையோ பையோ. டச்சைத் தூங்க வை. எல்லோரும் பாராட்டினார்கள்.

நீயோ டைப் செய்யவே மாட்டாய். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சாலைக் கடைத்தெரு முழுக்க எனக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிக்கொண்டே நடப்பாய்; விரலை எடுத்தால்தான் அது எனக்கு வரும். பட்டனை மேலே தள்ளினால் விரலை எடுத்துவிட்டே பேசலாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"விரல எடுத்தா உங்கள பாதில விட்டுட்ட மாதிரி இருக்கு, கேட்டியளா."

நடக்கும்போது விரலும் ஆடும். கட்டிலில் விழுந்தபின் அது ஆடவில்லை.

கடைசி நாள் மதியம். மருந்துக்காகக் கீழே வரிசையில் நின்றேன். உன் குரல் வந்தது. "இஞ்ச பாருங்க, நான் ஒண்ணு சொல்லணும், அது வந்து..." அவ்வளவுதான். ஐந்தாவது நொடியில் என் விதி டச்சைத் தூங்க வைக்க, நீ விரலை எடுத்துவிட்டதாக நினைத்து போன் அனுப்பிவிட்டது. இரண்டாவது: "அதாக்கும், நீங்க வீட்டுல தனியா..." மூன்றாவது: "சே! இந்தச் சனியன் போன் பேசவே விடமாட்டேங்குது." மேலே ஓடி வந்தபோது நீ கண் மூடியிருந்தாய். பிறகு திறக்கவில்லை.

என் மேல் எரிச்சல். உன் மேலும்தான். ஒரே ஒரு தடவை மேலே தள்ளியிருக்கக் கூடாதா?

இன்று எங்கள் டீம் லீட் பிஜு அந்த ஐந்து நொடியையும் குறைக்கச் சொன்னார். "எடோ, மூணு செகண்ட் போதும். அனங்காம, அசையாம ஆரு பிடிச்சிட்டிருப்பா?"

"பிடிப்பாங்க சார்."

"ஆரு?"

விதியை மாற்றினேன்: குரல் பதிவாகும்போது, விரல் எவ்வளவு நேரம் அசையாவிட்டாலும், அது ஆள்தான். சார்ஜ் போகுமே என்று கத்தினார். போகட்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சீட்டுக்குத் திரும்பினார்.

அந்த மூன்று செய்திகளையும் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. என்ன சொல்ல வந்தாய் என்று தெரியாமலேயே வைத்திருக்கிறேன்.