பெல்ட்டை நிறுத்தியவளின் கோட்டு

செஞ்சி நகரப் பெருமக்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு. எத்தனையோ படைகள் முற்றுகையிட்ட இந்த ஊரில், நேற்று ஓர் எலி கோட்டைப் பிடித்துவிட்டது. மலைமேல் இருக்கும் கோட்டையை அல்ல, அம்மா. ஆணியில் தொங்கும் உன் நீலக் கோட்டை. தோள்பட்டையில் ஒரு ஜாண் கிழிசல். எலியைத் தெருமுனை வரை துரத்தியடித்த வீரன் உன் மகன்தான்.

கோட்டில் ஷூ கம்பெனிப் பசை வாடை இன்னும் போகவில்லை. நீ போய் ஆறு மாதம் ஆனது வாடைக்குத் தெரியாது போல.

அந்த வாடையோடுதான் தினமும் வந்து லைனில் நடந்ததைச் சொல்வாய். தையல் லைனுக்கு நீ லீடர். புதிதாகச் சேர்ந்த தொண்டூர் மஞ்சுவுக்குக் கை வேகமே வரவில்லை என்றாய் ஒருநாள். "நத்தை எக்ஸ்பிரஸ்னு பேர் வைம்மா, பிச்சிக்கினு ஓடும்" என்றேன். சிரித்தாய். மறுநாள் கம்பெனி பஸ்ஸில், "எம்புள்ள இன்னா சொன்னான் தெரியுமா" என்று பெருமையாகச் சொல்லியும்விட்டாய்.

ஒரே வாரத்தில் லைன் முழுக்க அதே பேர். சூப்பர்வைசரே "நத்தை வருது, வழி விடு" என்பாராம். மஞ்சு தண்ணீர்க் குழாயோரம் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். "நாளைலேர்ந்து வரலக்கா" என்று அவள் சொன்ன அன்று, ஷூக்களைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை நீ நிறுத்திவிட்டாய். பெல்ட் நின்றால் அன்றைய டார்கெட் போச்சு.

"இன்னாம்மா, மிஷின் ரிப்பேரா?" என்று கத்திக்கொண்டு வந்தாராம் சூப்பர்வைசர்.

"மிஷின் நல்லாத்தான் இருக்குது சார். நான்தான் ரிப்பேர். அந்தப் பேர இங்க கொண்டாந்தவ நான். மஞ்சு, என்ன மன்னிச்சிடும்மா. இனிமே அந்தப் பேர் காதுல வுழுந்தா பெல்ட் நிக்கும். நீங்க சொன்னாலும் நிக்கும் சார்."

மேலே கூப்பிட்டுத் திட்டினார்கள். கேட்டுக்கொண்டு வந்து, உன் டிபன் பாக்ஸோடு குழாயோரம் மஞ்சுவிடம் போய் உட்கார்ந்தாய். சில நாளில் எல்லோரும் அங்கேதான்.

"லீடர் எங்க குந்தறாளோ லைனும் அங்கதான்டா குந்தும்" என்றாய் என்னிடம். திட்டவில்லை. "அந்தப் பொண்ணு உன்னவிட ரெண்டு வயசுதான்டா பெரியவ" என்று மட்டும் சொன்னாய். திட்டியிருக்கலாம் நீ.

உன் காரியத்துக்கு மஞ்சு வந்திருந்தாள். இப்போது அவள்தான் லைன் லீடராம். "அந்தப் பேர் வெச்சது நீதானா தம்பி?" என்று சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஒரு பேச்சுக்குப் பத்துப் பேச்சு வைத்திருப்பவன் நான். அன்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அவளுக்குத் தண்ணீர் மொண்டுவரப் போனேன்.

எங்கள் வகுப்புக்கு மேல்மலையனூரிலிருந்து ஒரு திக்குவாய்ப் பையன் வந்திருக்கிறான். என்ன பேர் வைக்கப்போகிறேன் என்று கூட்டாளிகள் என் வாயையே பார்த்தார்கள். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய்க் குந்திவிட்டேன். பின்னாலேயே வந்துவிட்டான்கள் பயல்கள்.

சரி, அறிவிப்பில் ஒரு சின்னத் திருத்தம். எலி எதுவும் வரவில்லை அம்மா. நேற்று விடியற்காலை கம்பெனி பஸ் ஹாரன் கேட்டதும் நான்தான் உன் கோட்டை மாட்டிக்கொண்டேன். தோள் பத்தாமல் கிழிந்துவிட்டது. தெருமுனை வரை ஓடியது மட்டும் நிஜம். உன் ஜன்னல் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.