கண்ணாடியைக் கழற்றும் டாக்டர்

மதினி,

இன்று காலை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் என் எதிரில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் என் தொடையில் கிள்ளியிருப்பீர்கள். "ஏட்டி, கண்ணாடிய கழட்டிட்டான். ஆளு போச்சு!"

நாம் பார்த்த அந்த டி.வி. தொடர் இன்னும் ஓடுகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு அம்பாசமுத்திரத்தில் உங்கள் வீட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து, அதில் வரும் ஆபரேஷன் டாக்டரைத் திருடனைக் காவல் காப்பதுபோல நாம் பார்த்தோம். அவன் ஆபரேஷன் முடித்து வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றினால், உள்ளே இருப்பவர் செத்துப்போனார் என்று அர்த்தம். கழற்றாவிட்டால் பிழைத்தார். அதைக் கண்டுபிடித்தது நீங்கள்தான். அவன் ரெண்டு பேருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை மாற்றி வைத்த வாரத்திலிருந்து ஊரில் எந்த டாக்டரையும் நீங்கள் நம்பவில்லை. "எல்லாவனும் இவன மாதிரிதான் சிரிக்கானுவ" என்பீர்கள். நானும் ஆமாம் போட்டேன்.

ஒருநாள் விளம்பரம் ஓடும்போது என் கையைப் பிடித்து உங்கள் வயிற்றில் வைத்தீர்கள். எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"எத்தன நாளா இருக்கு மதினி?"

"பொங்கலுக்கு முன்னயே இருக்கு. ஒங்க அண்ணன்ட்ட மூச்சு விட்டே, பொறவு இந்த வீட்டுப் படி ஏறாத. டாக்டருமாரு கத்தியத் தூக்கிட்டு வந்திருவானுவ."

விளம்பரம் முடிந்தது. மறுபடியும் டி.வி.யைப் பார்த்தோம். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அண்ணனுக்குத் தெரியவந்தபோது ஆறு மாதம் போயிருந்தது. "இனி ஆபரேஷன் பண்ண முடியாதும்மா. முன்னமே வந்திருக்கணும்" என்று என்னிடம் சொன்ன டாக்டர், கண்ணாடியே போடாதவர். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கழற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த பொங்கலுக்கு நீங்கள் இல்லை.

எனக்கு வலி வந்த அன்றைக்கே பேத்தியிடம் சொல்லிவிட்டேன் மதினி. நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். நம் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள். அவளையும் நான் விடவில்லை. "ஒங்க டாக்டருக்குக் கை நடுங்குமாட்டி?" என்று கேட்டேன். "சீரியல் பாத்துக் கெட்டுப் போய்ட்டிய ஆச்சி" என்றாள்.

உங்கள் சந்தேகம் என்னிடம் அப்படியே இருக்கிறது. ரிப்போர்ட்டில் என் பெயரையும் வயதையும் விரல் வைத்து இரண்டு தடவை வாசித்தேன். இது யாருடைய கல் என்று கேட்டேன்.

"ஒங்க கல்லுதான் ஆச்சி" என்று டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"கண்ணாடிய எதுக்குக் கழட்டினிய?"

"மூக்குல தடம் விழுந்து வலிக்கு."

எட்டிப் பார்த்தேன். தடம் இருந்தது.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று எழுதிய தாளோடு, கைநாட்டு வைக்க மையையும் நீட்டினாள் ஒரு பெண். "அஞ்சாங் கிளாஸ் படிச்சவகிட்ட மைய நீட்டுதியேம்மா. பேனாவக் குடு" என்றேன். ஒரு வரி விடாமல் வாசித்தேன். பேத்தி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள்.

கையெழுத்துப் போடுகிற இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. அன்று விளம்பர நேரத்தில் தொட்ட உங்கள் கட்டி இன்னும் இந்த விரல் நுனியில்தான் இருக்கிறது. அந்த விரலால்தான் என் பெயரை முழுசாக எழுதினேன்.