எடை மேடைக்கு எழுதிக் கொடுத்த மூன்று வழிகள்

மே 11, திங்கள்

காலையிலேயே அனல். நேற்றைய இடியில் அப்பா வேலை பார்க்கும் லாரி எடை மேடையில் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட் (எடை வரும் ஒயரைச் செருகும் இடம்) எரிந்து போச்சு. லாரி ஏறினால் எடை காட்டும் பெட்டியில் எண் தெரிகிறது, கம்ப்யூட்டருக்கு வரவில்லை. அப்பா அதைப் பார்த்துப் பார்த்துக் கையால் டைப் அடிக்கிறார். மந்தாரக்குப்பம் மெயின் ரோடு வரை லாரி வரிசை.

ஓனர் போனில் என்னிடமே: "பழைய கம்ப்யூட்டர் வீடியோவா பாத்துக்கினு இருப்பியாமே. என்னா செலவாவும், என்னென்ன வழின்னு எழுதிக் குடும்மா."

என்னிடம். அதுவும் பழைய ஒன்பது பின் போர்ட் பற்றி. சந்தோஷத்தில் தூக்கமே வராது.

மே 12, செவ்வாய்

மூன்று ஃபோரம், பதினோரு வீடியோ.

1. யூ.எஸ்.பி. மாற்று ஒயர். நானூறு ரூபாய். அந்தப் பழைய சாஃப்ட்வேர் ஏற்காது.
2. உள்ளே செருகும் போர்ட் கார்டு. ஆயிரத்து இருநூறு. இதுதான் சரி.
3. புது கம்ப்யூட்டர், கேமரா, தானே எடை பதியும் செட். இரண்டரை லட்சம்.

மூன்றாவது சும்மா. எல்லா வழியும் போடாவிட்டால் ஃபோரத்தில் கிழிப்பார்கள், அந்தப் பழக்கம். அதற்கு நேரே 'நன்மை' கட்டத்தைக் காலியாக விட மனசில்லை. எழுதினேன்: ஆள் உட்கார வேண்டியதில்லை.

அப்பா படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஓனரிடம், "எம் பொண்ணு எழுதினதுங்க" என்றாராம்.

மே 14, வியாழன்

பதில் இல்லை. கார்டு என் காசிலேயே ஆர்டர்.

மே 16, சனி

ஓனர் எடுத்தது மூன்றாவது வழி.

ஓனர் அப்பாவிடம்: "பாப்பா நல்லா எழுதியிருக்குது சேகரு. உன் சம்பளம் மிச்சமானா ரெண்டு வருசத்துல போட்டது வந்துடும்." அப்பாவின் வேலை இந்த மாசத்தோடு சரி.

அம்மா: "ஊர்ல இத்தினி பேர் இருக்க, உங்கப்பன் வேலைக்கு நீயேதான் வேட்டு வெக்கணுமா?"

அப்பா: "வுடு. அதுக்கு என்னா தெரியும்."

அதுதான் தாங்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊரெல்லாம் சொன்னவர்.

மே 19, செவ்வாய்

கார்டு வந்தது. புது செட் வரும்வரை ஓடட்டும் என்று போய்ப் போட்டேன். முதல் தடவையே பெட்டியிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே எண். டவுன்ஷிப் போகும் ஜல்லி லாரி. அப்பா சிரித்தார்.

டிரைவர்: "ரெடி ஆயிடுச்சாண்ணே? இனிமே உனுக்கு நிம்மதிதான்."

அப்பா எடைச் சீட்டைக் கிழித்து அவரிடம் நீட்டினார்.

ஜூன் 1, திங்கள்

மேகம், மழை இல்லை. பழைய கம்ப்யூட்டரை ஓனர் எனக்கே கொடுத்துவிட்டார். "பாப்பாதான் ஆசப்படுமே, எடுத்துக்கினு போ." அப்பா மொபெட்டில் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்.

"போட்டுப் பாரு பாப்பா, ஓடுதான்னு."

ஓடும். இன்னும் பிளக்கைச் செருகவில்லை.