யாரும் தொடாத பாட்டில்

3/11, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. ஈர வாடை வீடு முழுக்க.

பின்னறையில் பாட்டில்களைப் பார்த்தேன். எல்லாம் போச்சு. சிலதில் பச்சைப் பூசணம். மற்றதில் சோளம் கொழகொழவென்று, திறந்தால் புளித்த நாற்றம். காளானின் வெள்ளை நூல் ஒன்றில்கூட ஓடவில்லை. இது இரண்டாவது தடவை.

மதுரையிலிருந்து வாங்கும் காளான் விதை பஸ் சூட்டில் பாதி செத்து வருகிறது என்றுதான், பிழைத்ததில் கொஞ்சத்தை அவித்த சோளப் பாட்டிலில் போட்டு நாங்களே விதை பெருக்க இறங்கினோம். நானும் அக்காவும். அக்கா என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அக்கா.

அக்கா நிலைப்படியிலேயே நின்று பார்த்தார்.

"கவிதா, விதை போட்ட அன்னைக்கு நீ விலக்கா இருந்தயா?"

"ஆமாக்கா."

"அதான். தீட்டுப் பட்டுருச்சு. ஊறுகாயே கெட்டுப்போகும். இது உசுருள்ள பண்டம்."

"கையில ஸ்பிரிட் அடிச்சுத்தான தொட்டேன்."

"ஸ்பிரிட்டுக்குத் தீட்டுத் தெரியுமா?"

இனிமேல் அந்த நாட்களில் நான் பின்னறைக்குள் போகக்கூடாதாம். அக்கா போவதில்லையாம், இதுவரை ஒரு நாளும். எனக்கு இது தெரியவே தெரியாது. ஏதோ தலைவலி என்று நினைத்திருந்தேன்.

இவர் ஆத்தங்குடி டைல்ஸ் லோடு இறக்கிவிட்டு வந்ததும் சொன்னேன். "விட்டுக்குடேன். மூணு நாளு உள்ள போகாம இருந்தா என்ன குறைஞ்சுபோகுது?"

"நீங்க வண்டி ஏறப் போறீகளே, வாசல்ல நிறுத்தி யாராச்சும் உங்ககிட்ட இப்படிக் கேக்குறாகளா?"

சோறு போட்டேன். ரசம் ஊற்றவில்லை. தானே ஊற்றிக்கொண்டார்.

5/11, புதன்

தூறல். பால்காரர் வரவில்லை, கடுங்காப்பி.

சரி, இந்தத் தடவை முழுக்க நீங்களே செய்யுங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். நான் உள்ளே வரவே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: குக்கரில் அவித்த சோளப் பாட்டில் ஒன்றை விதை போடாமல், பஞ்சு மூடியைக்கூடத் திறக்காமல் அப்படியே அலமாரியில் வைக்க வேண்டும்.

"அது எதுக்கு?"

"யார் கையும் படாத சோளம் என்ன ஆகுதுன்னு பாக்கணும்."

அக்கா தலைக்குக் குளித்து, விளக்கேற்றிவிட்டு உள்ளே போனார். நான் வெளியே வெங்காயம் உரித்தேன். கண் எரிச்சல். வெங்காயத்தால்தான்.

11/11, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது.

அக்கா போட்டவை அத்தனையும் பச்சை. ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், உண்மை. பிறகு சோளத்தை நினைத்து வயிறெரிந்தது.

"உன் நெழல் பட்டிருக்கும்" என்றார் அக்கா.

நான் அலமாரியில் வைத்த அந்தப் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திறக்காதது. அதிலும் பச்சை.

"இதை யாருக்கா தொட்டா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்ப என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தொடாததே கெட்டிருக்கிறது. அப்படியானால் கைக்கு முந்தியே தப்பு நடந்திருக்கிறது. மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவை:

சோளம் வெந்து வெடித்திருக்கிறது. பாட்டில் அடியில் தண்ணீர். பஞ்சு மூடி நனைந்து சொதசொதவென்று.

குக்கரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஏற்றினேன். வெயிட் ஆடுகிறது, ஆனால் மூடி ஓரமாகப் புஸ்ஸென்று ஆவி. ரப்பர் ஒரு பக்கம் வெடித்துக் கிடக்கிறது. வேண்டிய சூடு ஏறவே இல்லை, பூசணம் எப்படிச் சாகும்?

தீட்டாம். குக்கர் ரப்பருக்குத்தான் தீட்டு.

காரைக்குடியில் புது ரப்பர். பஞ்சு. அலுமினியத் தாள். இவருக்கு பனியன்.

14/11, வெள்ளி

வெயில். காலையிலேயே எனக்கு வந்துவிட்டது. அடிவயிற்றில் பிடுங்கல்.

சொல்லாமலே செய்திருக்கலாம். அது திருட்டுத்தனம். அடுப்படிக்குப் போய் நின்றேன்.

"அக்கா, எனக்கு இன்னைக்குத்தான். இன்னைக்கே விதை போடப்போறேன்."

"வேணும்னே செய்யுறயா?"

"ஆமா."

"அந்த அறை எங்க பாகத்துல இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

"இதுவும் கெட்டா நானே காலி பண்ணிக் குடுத்துடுறேன். காளான் பேச்சையே எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டேன்.

சோளம் அரை வேக்காடு. துணியில் பரப்பி, கையில் ஒட்டாத வரை உலர்த்தல். பஞ்சின் மேல் தாள். குக்கரில் நீண்ட நேரம். ஓரத்தில் துளி ஆவிகூட இல்லை. ஃபேனை நிறுத்தி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு விதை போட்டேன். வேர்த்து ஊற்றியது. இந்தத் தடவையும் ஒன்று திறக்காமல்.

இவர் வெந்நீர்ப் பை கொண்டுவந்து கொடுத்தார். "ஜெயிச்சுருவயா?" என்றார். பையை வாங்கிக்கொண்டேன்.

21/11, வெள்ளி

வெள்ளை!

சோளத்தைச் சுற்றிச் சிலந்தி நூல் மாதிரி, ஒவ்வொரு பாட்டிலிலும் இறங்கிக்கொண்டிருக்கிறது. திறந்தால் மழை பெய்த மண் வாசம். திறக்காத பாட்டில் வைத்தபடியே சுத்தம். விதை போட்டதில் ஒன்று மட்டும் பச்சை. அதன் வாயில் விரிசல், நான் கவனித்திருக்க வேண்டும்.

அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். முதலில் அந்தப் பச்சையைத்தான் காட்டினார். விரிசலைக் காட்டினேன். பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சாமி காரியம் வேற, இது வேற" என்றார்.

"நான் காளானைப் பத்தித்தானக்கா பேசுறேன்."

அறையைக் காலி செய்யும் பேச்சு வரவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்ற பேச்சும் வரவில்லை. எதிர்பார்த்தேனா? பார்த்தேன். கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டாம், இருக்கட்டும்.

2/12, செவ்வாய்

மறுபடி மழை. பாட்டில்கள் பால் மாதிரி வெளுத்துவிட்டன. அதிலிருந்து புது பாட்டில்களுக்கு விதை மாற்றும் வேலை. தனியாகத்தான் ஆரம்பித்தேன்.

அக்கா நிலைப்படியில். உள்ளேயும் வராமல் அங்குட்டும் போகாமல்.

"என்னக்கா?"

"எனக்கு இன்னைக்கு."

மழைச் சத்தம். எதுவும் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவராகத்தான் கையை நீட்டினார்.

"அந்த ஸ்பிரிட்டக் குடு."

இரண்டு கையிலும் அடித்துவிட்டேன். உள்ளே வந்தார். முதல் பாட்டிலில் கொஞ்சம் விதை கீழே கொட்டியது.

"பஞ்சை இறுக்கி வைங்கக்கா."

"தெரியும்டி. நீ உன் வேலையப் பாரு."