பெர்மாஸ் ஜெயாவில் கோல் காத்த ஞாயிறு

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். துவைத்த துணி இன்னும் ஈரம். ஆய்வக அறிக்கை பாதிதான். மீதி நாளை.

படிக்க மலேசியா, இந்தக் குளுவாங் வந்து ஏழு மாதம். விடுதி, வகுப்பு, மறுபடி விடுதி. நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்: இந்தப் பருவத்தோடு போதும், கரூருக்கே வந்துவிடுகிறேன் என்று. திட்டவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவா சொல்லு பாப்பா, டிக்கெட் போட்டுர்றேன்" என்றார். திட்டியிருந்தாலாவது அழுதிருக்கலாம். அறைத்தோழி ஜெசிந்தாவுக்கு இன்னும் தெரியாது.

நாலு மணி இருக்கும். ஜெசி கட்டிலில் புரண்டபடியே:

"பவி, ஜே.பி. போலாமா?"

"ஜொகூர் பாருவுக்கா? எப்போ?"

"இப்பதான் லா. அங்க பெர்மாஸ் ஜெயாவுல எங்க பெரியப்பா மக மரியா அக்கா இருக்காங்க. தரையில படுத்துக்கலாம், செலவே இல்ல." இங்கே எந்தப் பேச்சுக்கும் ஒரு "லா" வால் உண்டு.

எதிர் அறை ஷாலினி அதற்குள் செருப்பு மாட்டியாகிவிட்டது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி" என்று வந்தது. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

பையில்: மாற்றுத் துணி ஒன்று (ஈரம்), துண்டு, ஷாலினியின் முறுக்கு டப்பா, இந்த நோட்டு.

பேருந்து. இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை, முடிவே இல்லாமல். நான் சன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். ஜெசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காஹாங் தோட்டத்துல பொறந்தவகிட்ட போய் பனையைக் காட்டுறியே" என்றாள். அவள் அப்பா பனைக்குலை லாரி ஓட்டுகிறார். தூங்கிவிட்டாள். என் தோளில் எச்சில்.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். எழுந்து வந்ததும் மரியா அக்கா: "பசியாறியாச்சா?" வந்த புதிதில் யாராவது இப்படிக் கேட்டால், பசிக்கிறதா என்று கேட்பதாக நினைத்து "இல்லீங்க" என்பேன். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார்களாம்; சாப்பிட்ட வயிற்றுக்குள் பல நாள் இன்னொரு தட்டும் போயிற்று. இதைச் சொன்னதும் அக்கா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அக்காவுக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரநாளில் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போகிறார். சனி, ஞாயிறுதான் வீட்டில்.

ஜே.பி. முழுக்க நடை. கால் வலி. மதியம் கோயிலில் அன்னதானம், ஷாலினியின் யோசனை. ஜெசி கத்தோலிக்கப் பெண், அவள்தான் முதல் வரிசை. "சாம்பார்னா நான் எந்தக் கோயிலுக்கும் வருவேன் லா." இரண்டு முறை வாங்கினாள்.

பிறகு கடலோரம். எதிரே சிங்கப்பூர், பக்கத்துத் தெரு மாதிரி. என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருக்கிறது, தாண்ட வழியில்லை. மூன்று பேரும் அந்தக் கரைக்குக் கை காட்டிவிட்டு முறுக்கைத் தின்றோம். வயிறு வலிக்கச் சிரித்தேன், எதற்கென்று நினைவில்லை. கரூரில் சிரித்த சிரிப்பு அது.

மாலை வீட்டுக்கு வந்தால் அக்கா போனில் தலையில் கை வைத்தபடி. நாளை தேவாலய இளையோருக்கான ஃபுட்சால் (கூரைக்குள் ஆடும் சின்னக் கால்பந்து) போட்டி, பெண்கள் பிரிவு. அக்காதான் கேப்டன். கோல்கீப்பர் பெண் படியில் சறுக்கிக் கணுக்கால் வீங்கிவிட்டதாம்.

"ஐயோ, அலமாக், இப்ப யாரைத் தேடுறது?"

ஜெசி: "பவி கபடி ஆடுனவ அக்கா. ஸ்கூல் டீம்."

கிள்ளினேன். பயனில்லை. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பந்து புடிச்சிருக்கியா?"

"இல்லக்கா. ஆளைப் புடிச்சிருக்கேன்."

அக்கா போனை வைத்துவிட்டார். "போதும்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேருந்தில் எழுதுகிறேன். குலுக்கல். எழுத்து கோணல்.

தேவாலயப் பூசை முடிந்து போட்டி. தகரக் கூரை, உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை. கணுக்கால் வீங்கிய பெண்ணின் கையுறை எனக்குப் பெரியது. முதல் ஆட்டம் தோல்வி (தோற்றாலும் இன்னும் இரண்டு உண்டாம்). மூன்று கோல், மூன்றும் என் தப்பு. ஒன்று கால்களுக்கு நடுவே போயிற்று. "இந்தியா, தூங்குறியா?" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. ஓடிப் போய்விடலாம் போலிருந்தது. மரியா அக்கா தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

தனியாக உட்கார்ந்து யோசித்தேன். பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. கபடியில் பாடி வருபவளின் கையைப் பார்த்தால் செத்தோம். கை ஏமாற்றும். இடுப்பைப் பார்க்க வேண்டும்; அது போகும் பக்கம்தான் ஆள் போவாள்.

இரண்டாவது ஆட்டத்திலிருந்து பந்தை மறந்தேன். இடுப்பு மட்டும். ஒரு கோலும் போகவில்லை. அடுத்ததிலும் இல்லை. கத்திக் கத்தி ஷாலினிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இறுதி ஆட்டம், போன வருடம் ஜெயித்தவர்களோடு. ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி. எங்கள் பக்கம் மூன்றும் உள்ளே. அவர்களுக்கும் இரண்டு உள்ளே. கடைசி உதைக்கு நெட்டைப் பெண் ஒருத்தி வந்தாள். நான் ஆடிய அத்தனை ஆட்டத்தையும் பார்த்திருப்பாள் போல. வேண்டுமென்றே என் வலப் பக்கம் பார்த்தாள், தோளையும் அந்தப் பக்கமே சாய்த்தாள். இடுப்பு மட்டும் இடது.

விழுந்தேன். முழங்கையில் பந்து. கம்பத்தில் பட்டு வெளியே.

பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. யாரோ தூக்கினார்கள். "கீப்பர்! கீப்பர்!" என்று கூரை அதிர்ந்தது. காலையில் "தூங்குறியா" என்று கத்தியவர் ஒரு பாதிரியார்! ஓடி வந்து கை குலுக்கினார். மரியா அக்கா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அடுத்த மாசம் மூவார்ல மேட்ச். நீ வர்ற. கேக்கல, சொல்றேன்" என்றார். கோழிப் பிரியாணி. மூன்று தட்டு. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

சற்றுமுன் அப்பாவுக்குப் போன்.

"டிக்கெட் போட வேண்டாம்ப்பா."

"ஏன் பாப்பா, என்னாச்சு?"

எல்லாவற்றையும் கொட்டினேன். பிளஸ் டூ படிக்கும்போது கபடியை நிறுத்தச் சொன்னவர் அவர்தான்.

"எந்தப் பக்கம் விழுந்த?"

"இடது பக்கம்ப்பா."

"உனக்கு எப்பவும் இடது மூலைதான சரியா வரும்" என்றார். என் கபடி ஆட்டம் ஒன்றுக்கும் அவர் வந்ததில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.

பக்கத்து இருக்கையில் ஜெசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊருக்குப் போறதா இருந்தியா? என்கிட்ட சொல்லாம?" கண் கலங்கிவிட்டது. பிறகு என் அடிபடாத கையில் ஓங்கி ஒரு அடி.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை. முழங்கை பூரி மாதிரி உப்பிக்கிடக்கிறது. ஆய்வக அறிக்கை கொடுக்கவில்லை, ஒருநாள் தள்ளிக் கேட்டேன். "கையில என்ன?" என்றார் விரிவுரையாளர். சொன்னேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஏழு மாதத்தில் அவர்கள் என் குரலைக் கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இப்போது அறை நிறையப் பெண்கள், பாதிப் பேர் பெயர்கூடத் தெரியாது. ஜெசி எல்லோர் மெத்தையையும் இழுத்துத் தரையில் போட்டுவிட்டு நடுவில் நிற்கிறாள்.

"கீப்பர்! எப்படி விழுந்தேன்னு காட்டு லா!"

கை வலிக்கிறது. போகிறேன்.